பேனல் விலை இறங்கிவிட்டது, நிலத்தை என்ன செய்யப் போகிறோம்?

2025 பிப்ரவரியில் நம்ம நெல்லைச் சீமையில் அடுத்தடுத்து இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. ஒன்று, கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமத்தின் சோலார் ஆலை. ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு சூரிய மின்கலங்களும் பேனல்களும் செய்கிற ஆலை அது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்று, தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாய். 2009இல் தொடங்கிய வேலை, ஆட்சிகள் மாறி, நிதி நின்று, திரும்ப வந்து, ஒருவழியாக முடிந்தது. கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து சுமார் 75 கிலோமீட்டர் ஓடி, சாத்தான்குளம் பக்கத்து எம்.எல். தேரி வரைக்கும் போகிறது. வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளத்தை வறண்ட பக்கம் திருப்பிவிடுவதுதான் நோக்கம்.

இரண்டையும் தனித்தனிச் செய்தியாக வாசித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் புஞ்சைக் காடுகள். ஆற்றுத் தண்ணீர் எட்டாததால் இத்தனை காலம் யாரும் பெரிதாக விலை பேசாத நிலங்கள். இப்போது அங்கே ஒரு பக்கம் பேனல் வருகிறது, இன்னொரு பக்கம் தண்ணீர் வருகிறது. எது முந்திக்கொள்ளும், யார் முடிவு செய்வார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விலை எப்படி இறங்கியது

1970களின் நடுவில் ஒரு வாட் பேனலின் விலை, இன்றைய மதிப்பில் 100 டாலருக்கும் மேல். 2024இல் உலகச் சந்தையில் ஏறத்தாழ 10 சென்ட். இடையில் நடந்ததில் மந்திரம் எதுவும் கிடையாது. 2000இல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. கூரையில் சூரிய மின்சாரம் உற்பத்தி செய்தால், கட்டுப்படியாகும் விலையில் 20 ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்தது. தேவை கூடியது. அதைப் பார்த்து சீனாவில் ஆலைமேல் ஆலையாக எழுந்தன. சிலிக்கான் வில்லைகளை இன்னும் மெல்லிசாக அறுக்கக் கற்றுக்கொண்டார்கள், சேதாரம் குறைந்தது. உலகத்தில் மொத்தமாகச் செய்த பேனலின் அளவு இரட்டிப்பாகும்போதெல்லாம் விலை சுமார் 20 சதவீதம் இறங்குவது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

இந்தியாவில் 2010இல் தேசிய சூரிய மின்திட்டம் தொடங்கியபோது முதல் ஏலத்தில் வந்த சராசரி விலை யூனிட்டுக்கு ரூ.12.16. 2015இல் கமுதி சூரிய மின்நிலையத்துக்குத் தமிழ்நாட்டு மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை ரூ.7.01. இரண்டே ஆண்டில், 2017இல், அதே மின்வாரியம் கேட்ட ஏலத்தில் ரூ.3.47க்கு ஆட்கள் வந்து நின்றார்கள். அதே ஆண்டு ராஜஸ்தானின் பட்லாவில் ரூ.2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் ரூ.1.99. பத்து ஆண்டில் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

நான் இதை மனசாரக் கொண்டாடுகிறேன். பவர்கட் காலத்தை அனுபவித்த எந்தத் தமிழ்நாட்டுக்காரருக்கும் இது நல்ல செய்திதான். நிலக்கரி எடுப்பதும் நிலத்தைத் தின்றுதான் நடக்கிறது. 2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில், பச்சைப் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே பதறியது. அந்த நிலக்கரிக்கு மாற்றாக வெயிலைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி சோலார் வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. எந்த நிலத்தில் என்பதுதான்.

நிலத்தின் பங்கு எங்கே போய் நிற்கிறது

ஒரு மெகாவாட் பேனல் போட ஏறத்தாழ 4 ஏக்கர் வேண்டும். முன்பு 5 ஏக்கர் கேட்டது. பேனலின் திறன் கூடக் கூட இந்த அளவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் போனது.

2010இல் ஒரு மெகாவாட் நிலையம் கட்ட மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மதிப்பிட்ட செலவு ரூ.16.9 கோடி. கமுதியில் 2016இல் முடிந்த வேலைக்கு மொத்தம் ரூ.4,550 கோடி, அதாவது மெகாவாட்டுக்கு ரூ.7 கோடி. இப்போது நாலு கோடிக்கு அக்கம்பக்கத்தில் வந்துவிட்டது. புஞ்சை நிலம் ஏக்கர் 5 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஏக்கருக்கு 20 லட்சம். அன்றைக்கு மொத்தச் செலவில் அது நூற்றுக்குச் சுமார் 1.2 பங்குதான். இன்றைக்கு ஐந்து பங்கு. பேனல் எல்லோருக்கும் ஒரே விலை, கம்பியும் இன்வெர்ட்டரும் ஒரே விலை. ஒரு கம்பெனிக்காரர் இன்னொருவரைவிடக் குறைந்த விலையில் ஏலம் எடுக்க வேண்டுமென்றால் கைவைக்க மிஞ்சியிருப்பது வட்டியும் நிலமும்தான். பேனல் விலை இறங்கினால் நிலத்தின்மேல் அழுத்தம் கூடும் என்பது இப்படித்தான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். நம்ம வெயிலில் ஒரு மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். யூனிட் மூன்று ரூபாய் என்றால் 45 லட்சம். ஏக்கருக்கு 11 லட்சம் வருமானம். நெல்லுக்கு வாருங்கள். ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று தாராளமாகவே வைத்தாலும், 2024–25இல் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,300. ஒரு போகத்துக்கு 57,500 ரூபாய். கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளைந்தாலும் ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலேயே உழவு, நடவு, உரம், அறுப்பு எல்லாம் போக வேண்டும்.

ஆகவே காசை மட்டும் வைத்துப் பார்த்தால் தாமிரபரணித் தண்ணீர் பாயும் கோடகன் கால்வாய்ப் பாசனத்திலும் பாளையங்கால்வாய்ப் பாசனத்திலும்கூட நெல் நிற்காது. நஞ்சையைக் காப்பாற்றுவது சந்தை இல்லை. பல கைக்குப் பிரிந்து கிடக்கும் சிறு வயல்கள், இறங்கினால் கால் புதையும் சேறு, வயலை விட மனசில்லாத ஆட்கள், கொஞ்சம் சட்டம், இவைதான் காப்பாற்றுகின்றன. கங்கைகொண்டான் ஆலை ஒன்றின் ஓராண்டு உற்பத்தியைத் தரையில் பரப்பினால் சுமார் 17,000 ஏக்கர் வரும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் சேர்ந்து நீர் கொடுக்கும் பாசனப் பரப்பு சுமார் 86,000 ஏக்கர். ஐந்து ஆண்டு உற்பத்தியை விரித்தால் அவ்வளவையும் மூடிவிடலாம். அந்தப் பேனல்கள் நாடெங்கும் போகும், எல்லாம் இங்கே இறங்கப் போவதில்லை. ஆனாலும் எவ்வளவு பெரிய விஷயம் நம்ம வாசலில் நடக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த அளவு உதவும்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 3.2 கோடி ஏக்கர். 50,000 மெகாவாட் சோலாரை முழுக்கத் தரையில் போட்டாலும் 2 லட்சம் ஏக்கர்தான், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாநிலத்துக்கு நிலப் பஞ்சம் வரப்போவதில்லை. சிக்கல் எங்கே என்றால், அந்த 2 லட்சம் ஏக்கர் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவாது. துணைமின் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும், மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும், லாரி போக ரோடு வேண்டும், பட்டாதாரர்கள் குறைவாக இருக்க வேண்டும், விலை மலிவாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்துவது சில ஒன்றியங்களில்தான். அங்கே இருப்பவர்களுக்கு அது நூற்றில் ஒரு பங்கு இல்லை, ஊரைச் சுற்றி இருக்கிற அத்தனை காடும்.

காற்றாலையைப் பார்த்துப் பழகிய ஊர்

மின்சார உற்பத்தி நமக்குப் புதிதில்லை. 1944இலேயே பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தோம். பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தல், பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் என்று காற்றாடிகள் முளைத்தன. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன.

காற்றாலை வந்தபோதும் நிலம் கைமாறியது, புரோக்கர்கள் வந்தார்கள், பலர் ஏமாந்தார்கள். ஆனால் ஒன்று. காற்றாடிக்குத் தூண் நிற்கும் இடமும் போகவர ஒரு பாதையும் போதும். மிச்ச நிலத்தில் உளுந்து விதைக்கலாம், ஆடு மேய்க்கலாம். இன்றைக்கும் வள்ளியூர்ப் பக்கம் காற்றாடிக்கு அடியில் ஆட்டு மந்தை போவதைப் பார்க்கலாம். சோலாருக்கு அப்படி இல்லை. நாலு ஏக்கர் என்றால் நாலு ஏக்கரும் கம்பி வேலிக்குள் போய்விடும். நிழல் விழக் கூடாது என்பதால் மரம் போகும். பனையும் உடையும் முதலில் போகும். குடை விரித்தாற்போல் நிற்கும் அந்த உடை மரம் நம்ம தெற்குச் சீமையின் வறண்ட நிலத்துக்கே உரியது.

நாங்குநேரிப் பக்கம் எனக்கு மாமா முறையில் ஒருவர் இருக்கிறார். அவர் புஞ்சைக்கு ஒரு புரோக்கர் வந்து விலை பேசினார். மாமா என்னிடம் சொன்னது இது:

"மருமவனே, மழை பேஞ்சா உளுந்து, பேயலன்னா ஆட்டுக்கு. இதுதான இந்தக் காட்டோட கணக்கு? அவன் ஏக்கருக்கு இவ்வளவுன்னு கையில வச்சுத் தாரேங்கான். வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

"குத்தகைக்குக் கேளுங்க மாமா. கிரயம் மட்டும் எழுதிக் குடுத்துராதீங்க."

"குத்தகைக்கு எவன் வாரான்? முழுசா எழுதித் தாங்கான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, கல்யாணம் முடித்துவைத்தவர். நிலம் அவருக்குக் கொடுத்தது குறைவு, கேட்டது அதிகம். விற்காதீர்கள் என்று அறிவுரை சொல்வது டவுனில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எளிது. அவருக்கு நல்ல பேரம் கிடைக்க வழி செய்வதுதான் முறை.

கர்நாடகத்தின் பாவகடாவில் வேறு வழி பார்த்தார்கள். 2,050 மெகாவாட், 13,000 ஏக்கர். விவசாயிகளிடம் விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டு 21,000 ரூபாயில் தொடங்கி, அவ்வப்போது கூட்டித் தரும் குத்தகை. பட்டா விவசாயி பேரிலேயே இருக்கிறது. இந்தக் குத்தகையை இன்னும் கூட்டிக் கொடுத்தால் மின்சாரம் எட்டாத விலைக்குப் போய்விடுமா? ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்றே வையுங்கள். நாலு ஏக்கருக்கு 1.2 லட்சம். 15 லட்சம் யூனிட்டில் வகுத்தால் யூனிட்டுக்கு 8 காசு. குத்தகையை அப்படியே இரட்டிப்பாக்கினாலும் இன்னொரு 8 காசு, அவ்வளவுதான். விவசாயிக்கு நியாயமாகக் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு இந்தத் தொழிலில் இடமே இல்லை.

ஆனால் பாவகடாவிலும் ஒரு கூட்டம் வெறுங்கையோடு நின்றது. சொந்த நிலம் இல்லாமல் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள். பட்டா இல்லாதவருக்குக் குத்தகையும் இல்லை.

தரிசு என்று எழுதியிருக்கும் நிலம்

திட்ட அறிக்கைகளில் இந்த நிலங்களுக்குப் பேர் தரிசு. வேறெதற்கும் உதவாத நிலம், பேனல் போடுவதுதான் சரி என்று எழுதிவிடுவார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அங்கே என்னென்ன நடக்கிறது என்று தெரியும்.

அவுரி என்று நம்ம பக்கம் சொல்லும் நிலாவாரை இந்த மாதிரி மானாவாரி நிலத்தில்தான் விளைகிறது. மலச்சிக்கல் மருந்துக்காக உலகமெங்கும் போகிறது. மேல்நாட்டு மருந்து நூல்களில் திருநெல்வேலி பேரோடுதான் அந்த இலையைக் குறிக்கிறார்கள். வெம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் இந்தக் கரிசலிலும் செவலிலும் மேய்ந்து உருவான செம்மறி இனங்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட வரும் ஆடு, மற்ற மாதங்களில் எங்கே மேயும்? இந்தத் தரிசில்தான். ஆற்றுப் பாசன வயலுக்குக் கிடை எரு வருவதும் இந்தத் தரிசு இருப்பதால்தான். கங்கைகொண்டானிலேயே, தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், 2013இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. வெறும் பொட்டல் என்று கடந்துபோகிற இடத்தில்தான் மான் கூட்டம் பிழைத்துக் கிடக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர் வரும் வழி. ஆற்றுக்கால் எட்டாத ஊர்களில் இருப்பவை மானாவாரிக் குளங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை காட்டில் விழுந்து, ஓடையாகத் திரண்டு, குளத்தில் சேர வேண்டும். பேனல் போடுகிறவர்களுக்குச் சமதளம் வேண்டும். ஜேசிபியை வைத்து நிரவுவார்கள், மண்ணை இறுக்குவார்கள், வேலிக்கு மண் அணைப்பார்கள். கால் அடி மேடு மாறினாலும் தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு ஊர்க் குளம் வறண்டு, அடுத்த ஊருக்குள் வெள்ளம் புகும். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குளங்கள் வரிசையாக உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின. அந்த மழைக்கு எந்த ஏற்பாடும் போதாதுதான். ஆனால் ஓடையை அடைத்த இடத்தில் எல்லாம் சேதம் கூடும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெள்ளநீர்க் கால்வாயும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு நிலம் தரிசாகக் கிடப்பது, தண்ணீர் வராத வரைக்கும்தான். சோலார் ஒப்பந்தம் 25 ஆண்டுக்குப் போடுவார்கள். கால்வாய்த் தண்ணீரால் குளம் பெருகி, கிணறு ஊறி, தோட்டப் பயிர் வைக்க வாய்ப்பு வரும் ஊரில், அதற்கு முந்தின ஆண்டே நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்தவர் என்ன செய்வார்?

விலை குறைந்ததை யாருக்காகப் பயன்படுத்துவது

நான் சொல்ல வருவது இதுதான். பேனல் விலை உச்சத்தில் இருந்தபோது, எங்கே மலிவோ அங்கே போடு என்பதில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்த நெருக்கடி கிடையாது. சரியான இடத்தில் போடுவதற்கு யூனிட்டுக்குச் சில காசு கூடினால் தாங்கிக்கொள்ளலாம். பேனல் மலிவானதால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை, நிலத்தையும் நீர்வழியையும் காப்பதற்குச் செலவழிக்க வேண்டும்.

முதலில் கூரை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. முந்நூறு சதுர அடி மொட்டைமாடி போதும், நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வரும். வீட்டுக்கூரை மட்டும் இல்லை. அரிசி ஆலைகள், குடோன்கள், கல்லூரிகள், மண்டபங்கள், சிப்காட் ஆலைகளின் கூரைகள் என்று பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் வரை எத்தனையோ இருக்கின்றன.

இரண்டாவது, ஏற்கெனவே கைமாறிய நிலம். காற்றாலைக்காக வாங்கிப் போட்ட இடங்களில் ரோடும் மின்பாதையும் துணைமின் நிலையமும் தயாராக இருக்கின்றன. நம்ம ஊரில் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. மற்ற மாதங்களில் அந்தக் கம்பிகள் பாதி சும்மாதான் கிடக்கின்றன. அதே கம்பியில் வெயில் மின்சாரத்தை ஏற்றலாம். காற்று, சூரியன் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க 2018இலேயே மத்திய அரசு கொள்கை வகுத்துவிட்டது.

மூன்றாவது, தண்ணீர்மேல். குஜராத்தில் 2012இலேயே நர்மதைக் கிளைக் கால்வாய்க்கு மேல் பேனல் போட்டுக் காட்டினார்கள். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை வளாக நீர்த்தேக்கத்தில் 22 மெகாவாட் மிதக்கும் சோலார் 2022இல் தொடங்கப்பட்டது. ஆலைகளின் நீர்த்தேக்கங்கள் இதற்குப் பொருத்தம். ஊர்க் குளங்களை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே மீனும் பறவையும் மக்களும் இருக்கிறார்கள்.

நான்காவது, தரையில்தான் போட வேண்டுமென்றால், நிலத்தை முழுக்கப் பூட்டாமல் போடுவது. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம், பேனல் வரிசைகளுக்கு இடையில் பயறு வகைகளும் மூலிகைகளும் வளர்த்துப் பார்த்திருக்கிறது. பேனலுக்கு அடியில் வளரும் புல்லை எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த வேலைக்குச் செம்மறி ஆட்டை விடுகிறார்கள். வெள்ளாடு மேலே ஏறும், கம்பியைக் கடிக்கும். செம்மறி குனிந்த தலை நிமிராமல் மேயும். வெம்பூர் ஆட்டுக்கும் கீழக்கரிசல் ஆட்டுக்கும் வேலிக்குள் போக ஒரு கதவு திறந்துவிடுவதில் கம்பெனிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதையெல்லாம் யார் கேட்பது? சூரிய மின்நிலையங்களுக்கு, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. அனல்மின் நிலையத்துக்கு நடப்பதுபோல மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. சிறு திட்டங்களுக்கு அந்த விலக்கு நியாயம்தான். நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒன்றாக வளைக்கும் திட்டங்களுக்காவது ஓடை, குளம், மேய்ச்சல் மூன்றையும் ஆய்வு செய்யும் ஒரு நடைமுறை வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அது வரும் வரைக்கும் நம்ம கையில் இருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் ஊரில் சோலாருக்கு நிலம் பேசுகிறார்கள் என்றால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஊரின் கிராம வரைபடத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஓடைப் புறம்போக்கு எந்த சர்வே எண்ணில் வருகிறது, குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று வயசான ஆட்களைக் கேட்டு அதில் குறியுங்கள். அந்த வழியை விட்டுவிட்டுத்தான் வேலி போட வேண்டும், நிலத்தைக் குத்தகைக்குத்தான் எடுக்க வேண்டும், ஆட்டுக்கு வழி விட வேண்டும் என்று மூன்றே மூன்று வரியில் தீர்மானம் போடுங்கள். வேலி எழும்புவதற்கு முன்னால் போட்ட தீர்மானத்துக்குத்தான் மதிப்பு. அதற்கு வேண்டிய வரைபடத்தை வாங்கவும் மனு எழுதவும் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள், நான் வருகிறேன்.